எந்தக் கிழமை ஆறு? திருப்பூர்க் குழந்தைகளும் வாசிப்பின் வரலாறும்

1

1997 மழைக்காலம். திருப்பூரில் நண்பர்கள் சிலர் நடத்திவந்த மாலை வகுப்பொன்றுக்குச் சில மாதங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய்வந்தேன். பதினைந்து பதினாறு பிள்ளைகள் வருவார்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை. பாதிப்பேர் பகலில் பனியன் கம்பெனியில் கைமடி. அதாவது டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை எடுத்துக்கொடுத்து, மடித்துக்கொடுக்கிற வேலை. மீதிப்பேர் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து, வீட்டில் பிசிர் வெட்டிவிட்டு, அதற்கப்புறம் எங்களிடம் வருகிறவர்கள். கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாட்களில் வகுப்பில் நாலு பேர்தான் இருப்பார்கள். ஆர்டர் எப்போது கப்பலேறப்போகிறது என்பதை எங்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அன்றைக்கு ஆற்றைப் பற்றிய பாடம். மலையில் பிறந்து, வயலில் தவழ்ந்து, கடலில் கலக்கிற ஆறு. எல்லாப் பாடநூல்களிலும் ஓடுகிற அதே ஆறுதான். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தடங்கலில்லாமல் வாசித்தாள். ஒற்றுப் பிழை இல்லை, ளகர லகரக் குழப்பம் இல்லை. கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். 'ஆறு எங்கே பிறக்கிறது?' 'ஆறு மலையில் பிறக்கிறது.' எனக்கு மகிழ்ச்சி. படித்ததைப் படமாக வரைந்து காட்டு என்று கிரேயான் டப்பாவைக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா இருந்தாள். அப்புறம் கேட்டாள்:

'எந்தக் கெழம ஆறுங்ணா?'

எனக்குப் புரியவில்லை.

'திங்கக்கெழம செவப்பா வந்துச்சு. நேத்து பச்சயா இருந்துச்சு. எத வரையட்டும்?'

நொய்யல் கரையில் வளர்ந்த குழந்தை. அன்றன்றைக்குச் சாயப்பட்டறையில் எந்த நிறம் ஓடுகிறதோ அதுதான் அன்றைய ஆறு. (சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அதற்குள் இந்தப் பெண்ணுக்கு இருபது வயது தாண்டியிருக்கும்.) பாடத்தில் இருந்த ஆறும் அவள் பார்த்த ஆறும் ஒரே சொல் என்பது, வரைய உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அதுவரை வாசித்ததெல்லாம் வாய் வாசித்தது. கேள்விக்குச் சொன்ன பதிலும் அப்படித்தான்: வாக்கியத்திலிருந்து வாக்கியத்தைப் பிய்த்தெடுத்துத் திருப்பிக் கொடுத்த பதில். அவள் முதன்முதலாக அந்தப் பிரதியை வாசித்தது 'எந்தக் கெழம' என்று கேட்ட நொடியில்தான் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நீலக் கலர்ல வரைம்மா' என்று சொல்லிவிட்டேன்.

2

வாசித்ததைத் தன் அனுபவத்தோடு இணைத்துப் பார்ப்பது, மனக்கண்ணில் காட்சியாக ஓட்டிப் பார்ப்பது: இவை இரண்டும் குழந்தைகளுக்குப் பொருள் விளங்கி வாசிக்கக் கற்றுத்தருகிற உத்திகளாக இன்று உலகெங்கும் ஆசிரியப் பயிற்சிகளில் பேசப்படுகின்றன. அமெரிக்காவில் எலின் கீன், சூசன் ஸிம்மர்மன் இருவரும் எழுதி இவற்றைப் பரவலாக்கிய நூல், நான் அந்தக் குழந்தையை நீலம் தீட்டச்சொன்ன அதே 1997இல்தான் வெளியானது. அதற்கு முன்பே உளவியலாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். மைக்கேல் பிரஸ்லி 1976இல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு, வாசிக்கும்போதே மனதில் படம் பிடிக்கப் பழக்கினார். அவர்கள் கதையை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

1972இல் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் செய்த சோதனை நம் ஊருக்காகவே செய்தது போலிருக்கும். ஒரு பத்தி. எளிய சொற்கள், எளிய வாக்கியங்கள். பொருள்களை வகைவகையாகப் பிரித்துவை, ஒரேயடியாக நிறையப் போடாதே, முடிந்ததும் மறுபடி அடுக்கு என்கிற மாதிரியான வாசகங்கள். கேட்டவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு எல்லாம் விளங்கியது. கேட்டு முடித்தபிறகு தலைப்பைச் சொன்னபோதோ அது உதவவில்லை. பொருள் சொல்லுக்குள் இருப்பதில்லை. வாசகர் முன்னமே கொண்டுவருகிற உலகம் ஒன்றின்மேல் அது வந்து உட்கார வேண்டியிருக்கிறது. 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய கதையொன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத 'நல்ல' வாசகர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் வகுப்பிலும் ஒரு பையன் இருந்தான். பாடநூலை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் வேர்த்துவிடும். அவன் ஒருநாள் சட்டைப் பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்துக் காட்டினான். பனியனுக்குள் வைத்துத் தைக்கிற சலவைக் குறிப்பு லேபிள். ஏதோ ஐரோப்பிய மொழியில் நாலு வரி, கூடவே சின்னச்சின்னச் சித்திரங்கள். எழுத்து அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சித்திரங்களை அவன் கடகடவென்று வாசித்தான். 'தொட்டிக்குள்ள கை இருந்தா கையிலதான் தொவைக்கோணும். இஸ்திரிப் பொட்டிமேல பெருக்கல் போட்டிருந்தா தேய்க்கப்படாது.' யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறான், நினைத்துப் பார்த்திருக்கிறான். இணைத்தலும் காட்சிப்படுத்தலும் அவனுக்குத் தெரியாத வித்தை அல்ல. பாடநூல் முன்னால் உட்காரும்போது அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வர வேண்டும் என்றுதான் அவன் கற்றிருந்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டால், 'பாடத்தைக் குழந்தையின் வாழ்க்கையோடு இணையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பயிற்சி வகுப்புகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வாக்கியத்தை அவ்வளவு அப்பாவித்தனமாகச் சொல்ல முடியாது. அதற்கு இங்கே ஒரு வரலாறு உண்டு, அதில் ரத்தச்சோகை பிடித்த பகுதிகளும் உண்டு.

3

திண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்க வேண்டும். மணலில் எழுதிப் பழகி, ஓலைக்குப் போய், அரிச்சுவடி, எண்சுவடி, நீதிநூல்கள் என்று எல்லாம் நெட்டுரு. உ.வே.சா. தம் 'என் சரித்திர'த்தில் அந்த உலகத்தை விரிவாக எழுதியிருக்கிறார். சட்டாம்பிள்ளையின் அதிகாரம் உட்பட. இந்த மனப்பாடத்தை வெறும் மூடத்தனம் என்று தள்ளுவது காலனிய அதிகாரிகளுக்கு வசதியாக இருந்தது. நினைவு அங்கே அறிதலின் ஒரு முறையாகவே இயங்கியது என்பதை எண்சுவடிகளை ஆராய்ந்த செந்தில்பாபு நன்றாகக் காட்டியிருக்கிறார். ஆனால் பொருள்? அது ஒத்திவைக்கப்பட்டது. ஆறு வயதில் உருப்போட்ட செய்யுளுக்கு இருபது வயதில் ஆசான் உரை சொல்வார். நம் உரை மரபே ஒரு மாபெரும் இணைத்தல் பயிற்சிதான்: சொல்லைப் பிரித்து, வேறு நூலைக் காட்டி, வழக்கிலிருந்து உதாரணம் சொல்லி, காட்சியை விரித்து. திருவாவடுதுறையில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உட்கார்ந்து பாடம் கேட்க முடிந்தவர்களுக்கு அது வாய்த்தது. கணக்கெழுதப் போனவர்களுக்கு நெட்டுருவோடு முடிந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் திண்ணையே இல்லை. மனப்பாடம் சிலருக்கு, உரை அவர்களிலும் சிலருக்கு. பொருள் கொள்ளும் உரிமை இப்படித்தான் பங்கிடப்பட்டிருந்தது.

இந்தத் திண்ணையைத்தான் ஆண்ட்ரூ பெல் எட்டிப்பார்த்தார். 1789 முதல் எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதே முறையில் கீழ்வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஜான் ஃபிரிஸ்கென் என்கிற எட்டு வயதுப் பையனை நியமித்தார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ஒரு ஆசிரியர், பல சட்டாம்பிள்ளைகள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று மலிவாகப் பெருவாரிக் கல்வி தருகிற 'மதராஸ் முறை' பிறந்தது. லங்காஸ்டர் அதையொத்த ஏற்பாட்டை லண்டனில் நடத்தினார். ஃபூக்கோ தன் சிறைச்சாலை நூலில், சைகைக்கும் மணியோசைக்கும் குழந்தை உடல்கள் ஒரேசேர அசையும் பள்ளிக்கூடத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்திற்கு உதாரணமாகக் காட்டுவார். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரு வேர் எழும்பூரில் கிடக்கிறது என்பதை நம் ஃபூக்கோ அன்பர்கள் அதிகம் கவனித்ததில்லை. ஆகத் தமிழ்நாட்டின் முதல் கல்வி ஏற்றுமதி அதுதான். சரக்கில் மணல் இருந்தது, சட்டாம்பிள்ளை இருந்தார். உரை கப்பலேறவில்லை.

4

இணைத்தல் என்ற சொல் கொள்கையாகவே இங்கு வந்தது 1937க்குப் பின். வார்தா மாநாடு, ஜாகிர் உசேன் குழு அறிக்கை, காந்தியின் ஆதாரக் கல்வி. பாடத்தைத் தனியாகச் சொல்லித்தராதே. கைத்தொழிலோடும் சுற்றுப்புறத்தோடும் சமூக வாழ்வோடும் பிணைத்துச் சொல்லிக்கொடு. தக்ளியில் நூற்றால் நூலின் நீளத்தில் கணக்கு, பஞ்சின் ஊரில் பூகோளம். கொள்கை அளவில் இது இன்றைய வாசிப்பு உத்திகளுக்கெல்லாம் அண்ணன்.

இந்தக் கொள்கைக்குக் கொங்கு மண் அந்நியமல்ல. 1920களில் தமிழ்நாட்டுக் கதர் உற்பத்தியின் கேந்திரம் திருப்பூர். பனியன் தொழில் இங்கே முளைவிட்டதும் அதே பத்தாண்டில்தான். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவிநாசிலிங்கம் திருப்பூரில் பிறந்தவர். ஆதாரக் கல்வியைத் தம் கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் அரசுக் கொள்கையிலும் வளர்த்தவர். அவர் தலைமையில் நின்ற தமிழ் வளர்ச்சிக் கழகத்தில்தான் பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியத்தையும், பின்னால் படங்களோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பதிப்பித்தார். அந்தப் பத்துத் தொகுதிகளைப் புரட்டியிருக்கிறவர்களுக்குத் தெரியும், காட்சி வழியாக அறிவு என்பதை அவ்வளவு மரியாதையோடு தமிழ்க் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் குறைவு. கைக்கெட்டிய குழந்தைகள் யார் என்பது வேறு கேள்வி.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் இணைத்தலின் பெயரால்தான் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நாள் பெற்றோரின் தொழில். திருச்செங்கோட்டுக்கு அருகே 1925இல் ஆசிரமம் தொடங்கிக் கதரோடு வாழ்ந்த அவருக்கு, அது வாழ்க்கையோடு ஒட்டிய கல்வியாகவே பட்டிருக்கலாம். நோக்கத்தைப் பற்றிய விசாரணை இங்கு தேவையில்லை. செருப்புத் தைப்பவர் பிள்ளைக்கு 'உன் வாழ்க்கையோடு இணைத்துக்கொள்' என்று அரசு சொல்லும்போது அதற்கு என்ன பொருள் என்பதை ஈரோட்டிலிருந்து வந்த பெரியார் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்: குலக்கல்வி. 1954இல் காமராஜ் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டம் நம் கல்வி வரலாற்றில் தீர்மானகரமானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவும் உண்டு என நினைக்கிறேன். வாழ்க்கை, தொழில், சுற்றுப்புறம் என்று வகுப்பறைக்குள் யார் பேசினாலும் சந்தேகம் வந்தது, நியாயமான சந்தேகம். அந்தச் சந்தேகத்தின் நிழலில், எந்த வாழ்க்கையோடும் ஒட்டாத பாடநூல் மொழி பொதுவானது, சமத்துவமானது என்கிற வேடத்தில் நிம்மதியாகக் குடியிருந்தது. அது பொது அல்ல. அதில் வருகிற வீட்டில் முற்றம் இருக்கும், அப்பா அலுவலகம் போவார், அம்மா பால் காய்ச்சித் தருவார், எல்லோரும் எழுத்துத் தமிழில் பேசுவார்கள். சிலருடைய வாழ்க்கையோடு அது ஏற்கெனவே நன்றாக இணைந்திருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குத் தனியாக யாரும் இணைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

திருப்பூரிலோ சட்டசபையில் தோற்ற திட்டத்தைச் சந்தை நடத்திக்காட்டியது. 1970களின் பிற்பகுதியில் ஏற்றுமதி தொடங்கி, 1985க்குப் பிறகு வெள்ளமாகப் பெருகியபோது மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிள்ளைகள் கைமடிக்குப் போனார்கள். பாதி நாள் பள்ளி, மீதி நாள் தொழில் என்பதுகூட இல்லை, முழுநாளும் தொழில். 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருந்தது. 1992இல் அமெரிக்க செனட்டில் ஹார்கின் மசோதா வந்தது. வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் விதிமுறைகள் விதிக்கத் தொடங்கியதும் பெரிய கம்பெனிகளின் வாசலிலிருந்து குழந்தைகள் மறைந்தார்கள். கணிசமானவர்கள் சின்ன ஜாப்வொர்க் செக்சன்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஷரத் சாரி 2004இல் திருப்பூர் பற்றி எழுதிய ஆய்வில், தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வெற்றியை 'உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் கதையாடுவதை அலசியிருப்பார். அந்தக் கதையாடலின் வகுப்பறை வடிவத்தை நான் நேரில் கேட்டிருக்கிறேன்: 'படிச்சுப்போட்டு என்னங் பண்ணப்போறான்? தொழில் கத்துக்கறானில்ல.'

5

இதற்கு எதிர்த்திசையில் இணைத்தல் ஒருமுறை நடந்தது. அறிவொளி இயக்கம். எர்ணாகுளத்தைத் தொடர்ந்து 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை, பிறகு மாவட்டம் மாவட்டமாக. அறிவொளிப் பாடநூலின் தொடக்கச் சொற்களில் ஒன்று 'பட்டா'. அணிலும் ஆடும் அல்ல, நிலவுரிமைப் பத்திரம். முதலில் பேச்சு, அப்புறம் சொல், அப்புறம்தான் எழுத்து. பாவ்லோ ஃபிரெய்ரே 1963இல் பிரேசிலின் ஆங்கிகோஸ் ஊரில் முந்நூறு உழைப்பாளிகளுக்கு நாற்பது மணிநேரத்தில் எழுத்தறிவு தர முயன்ற முறையின் தூரத்து உறவு அது. அங்கே பிரென்னாண்ட் என்கிற ஓவியர் வரைந்த படங்களை முன்னால் வைத்து, 'இதில் என்ன நடக்கிறது?' என்ற விவாதத்திலிருந்துதான் சொல் பிறக்கும். 1964 ராணுவ ஆட்சி அதை நிறுத்தி, அவரைச் சிறையிலும் அப்புறம் நாட்டுக்கு வெளியிலும் வைத்தது. ஒரு வாசிப்பு முறைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது.

குலக்கல்வியில் வாழ்க்கையிலிருந்து பாடம் திரும்பவும் அதே வாழ்க்கைக்கு வந்து நின்றுவிடுகிறது. 'பட்டா'வில் வாழ்க்கை எழுத்தாகி, அந்த எழுத்து வாழ்க்கையைக் கேள்வி கேட்கப் புறப்படுகிறது. இரண்டும் இணைத்தல்தான். அறிவொளியின் அந்த அனுபவங்களை ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' நூலில் எழுதியிருக்கிறார், ச. மாடசாமி வகுப்பறை பற்றிய தம் நூல்களில் அதைத் தொடர்ந்து எடுத்துப்போயிருக்கிறார். ஆனால் அறிவொளியின் பயனாளி வயதுவந்தவர். அவருடைய பிள்ளை மறுநாள் காலை போன பள்ளிக்கூடத்தில் பழைய ஆறு பழைய நீலத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பத்தாண்டில் நம் சிறுபத்திரிகைகளில் ரோலான் பார்த்தை முன்வைத்து ஆசிரியன் மரணம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். பிரதியைப் பூர்த்திசெய்கிறவர் வாசகர், பொருள் வாசிப்பில் உற்பத்தியாகிறது என்றோம். நானும் எழுதியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு வாசகர் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய பொருள் உற்பத்தியைப் பாடநூலும் நோட்ஸும் பிரம்பும் சேர்ந்து கழுத்தை நெரிக்கின்றன என்பது நம் விவாதத்தில் வரவில்லை. எல்லா வாசகர்களும் மீசை முளைத்தவர்களாகவே இருந்தார்கள்.

6

மாலை வகுப்பில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நீலக் கலர் சம்பவத்துக்குப் பின் எனக்கு ஞானோதயம் வந்துவிட்டது. பாடநூலை மூடிவைத்துவிட்டு நானே பாடங்கள் எழுதினேன். ஓவர்லாக் மிஷின் பற்றி ஒன்று, சம்பளச் சனிக்கிழமை பற்றி ஒன்று, சாயத்தண்ணீர் பற்றி ஒன்று. பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள். விடுகதை போடச் சொன்னேன். விடுகதை என்பதே இணைத்தலும் காட்சிப்படுத்தலும் சேர்ந்த நம்மூர் விளையாட்டுதானே. ஒருத்தி போட்டாள்: 'அஞ்சு கோன் திங்கும், வாய் ஒண்ணுதான்.' ஓவர்லாக். எனக்கு ஒரே பெருமை. நாலாவது வாரம் அந்த லேபிள் பையன் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

'கம்பெனி வேண்டாம்ங்ணா. பேய்க்கதை படிக்கலாம்.'

பன்னிரண்டு மணிநேரம் கம்பெனியில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு நான் மறுபடி கம்பெனியை வாசிக்கக் கொடுத்திருக்கிறேன். என் கையிலும் ஒரு சிறிய குலக்கல்வி. எதோடு எதை இணைப்பது என்பதை நான் முடிவு செய்துவிட்டு, அவன் அனுபவம் என்று அவன் தலையில் கட்டினேன். அவனுடைய அனுபவத்தில் கம்பெனி மட்டுமா இருந்தது? பயம் இருந்தது, ராத்திரி ஷிப்ட் முடிந்து இருட்டில் தனியாக வந்த தெரு இருந்தது, பாட்டி சொன்ன முனி இருந்தது.

பேய்க்கதை வாசித்தோம். நான் வாசிக்க, அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நடுவில் நிறுத்தி, 'இப்போ என்ன தெரியுது?' என்பேன். புளியமரம் என்று கதையில் இருந்தால் ஒவ்வொருவரும் வேறு வேறு மரத்தைச் சொல்வார்கள். ஒருத்திக்கு அது கம்பெனிக்குப் பின்னால் நிற்கிற மரம், இன்னொருத்தனுக்கு ஊரில் தாத்தா தூக்குப் போட்டுக்கொண்ட மரம். அதைச் சொல்லிவிட்டு அவன் அமைதியாக இருந்தான், நாங்களும் இருந்தோம். அதன் பிறகு கதையை அவன்தான் தொடர்ந்து வாசித்தான், எழுத்துக்கூட்டாமல் என்று சொன்னால் பொய், ஆனால் நிறுத்தாமல்.

இன்னொருநாள் 'ஏரி' என்று ஒரு சொல் வந்தது. சிவகங்கைப் பக்கத்துப் பையன், 'கண்மாயா?' என்றான். உள்ளூர்ப் பெண், 'கண்மாய்னா என்னது?' என்றாள். 'தண்ணி கெடக்கும், கரையில ஐயனாரு இருப்பாரு.' 'அது குட்டையல்லோ?' 'குட்டைல பரிசல் போகுமா?' அரைமணிநேரம் சண்டை. கரும்பலகையில் மூன்று படம். பாடம் நகரவில்லை. அந்த அரைமணிநேரத்தில் நடந்தது உரை. திருவாவடுதுறையில் நடந்ததும் அதுதான், அங்கே வருகைப் பதிவேட்டை ஏற்றுமதி ஆர்டர் தீர்மானிக்கவில்லை என்பதைத் தவிர.

7

அதற்குப் பின் நிறைய நடந்துவிட்டது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சோதிக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், எம்.பி. விஜயகுமாரின் முனைப்பில் 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ரிஷிவேலியிலிருந்து வந்த ஏணியும் அட்டைகளும், தரையில் வட்டமாகப் பிள்ளைகள். மேல்வகுப்புகளில் மனவரைபடம் வந்தது. ஆசிரியரின் நாற்காலி கீழே இறங்கியதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அட்டையில் படம் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தது. குழந்தையின் வேலை அதோடு சொல்லைப் பொருத்துவது. மனவரைபடமும் சீக்கிரமே கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதுகிற இன்னொரு பாடமாகிவிட்டதைப் பல ஊர்களில் பார்த்தேன். எந்த நல்ல முறையையும் நெட்டுருவாக்கிவிடுகிற வல்லமை நம் அமைப்புக்கு உண்டு.

கொரோனா மூடலுக்குப் பின் 2021இல் இல்லம் தேடிக் கல்வி, 2022இல் எண்ணும் எழுத்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பயிற்சி நூல்கள். பாடல், கதை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்பறைக்குள் வந்திருப்பது நல்லது. 2005 முதல் வருகிற ஏசர் அறிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பத்திரிகைகள் பதறுகின்றன. அது அளப்பது குழந்தை ஒரு பத்தியை உரக்க, தடங்கலில்லாமல் வாசிக்கிறதா என்பதை. அளக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கின்படி எங்கள் ஒன்பது வயதுப் பெண் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள், கேள்வி கேட்பதற்கு முன்பே.

இன்றைய திருப்பூர் வகுப்பறையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவில் ஆறு மாதத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். பாடநூல் தமிழ் தமிழ்ப் பிள்ளைக்கே இரண்டாம் மொழி. இவர்களுக்கு மூன்றாவதோ நாலாவதோ. அண்மையில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒருவரோடு ஒரு காலைப்பொழுது இருந்தேன். பாடத்தில் ஆறு வந்தது. (அது நம்மை விடுவதாயில்லை.) கண்ணை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்க்கச் சொன்னார் டீச்சர். யாருக்கு என்ன தெரிகிறது என்று கேட்டார். உள்ளூர்ப் பிள்ளைகள் பாலம், நாற்றம், ஆகாயத்தாமரை என்றார்கள். பீகார்ப் பையன் எழுந்து, 'ராத்திரி வந்துச்சு டீச்சர்' என்றான். என்ன வந்தது என்று கேட்டார். 'நதி. ஊட்டுக்குள்ள.' கையை மார்பளவு உயர்த்திக் காட்டினான். மற்ற பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறு எப்படி வீட்டுக்குள் வரும்? மாடு என்ன ஆச்சு? அவன் தமிழ் தடுக்கினால் கையால் சொன்னான், கை போதாமல் கரும்பலகைக்குப் போய் வரைந்தான். கூரையும், கூரைமேல் நாலு கோடுகளும். அந்த நாலு கோடும் அவன் வீட்டு ஆட்கள்.

மணி அடித்துவிட்டது. பயிற்சி நூலில் அன்றைய பக்கத்தை முடிக்க முடியவில்லையே என்று டீச்சர் கொஞ்சம் கவலையோடுதான் சொன்னார். கரும்பலகையை அழிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.